நார்மலுங்களா, பவருங்களா?

டர்போ இல்லாத காருக்கு எந்த ஆக்டேன் பெட்ரோல்? பங்க்கில் இரண்டு நொடியில் சொல்லிவிடும் பதிலுக்குப் பின்னால் இருக்கும் பணக்கணக்கும் இன்ஜின் கணக்கும்

மே மாதத்து விடியற்காலை. மேட்டுப்பாளையத்தில் ஊட்டிச் சாலை ஏறுவதற்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கூரையில் கட்டிய பெட்டிகள், பின்சீட்டில் தூக்கம் கலையாத பிள்ளைகள், டிக்கியில் புளிச்சோற்றுத் தூக்கு. பாக்குத் தோப்புகளுக்கு மேலே மலை கருநீலமாக எழுந்து நிற்கிறது. பம்ப்பில் நிற்கும் பையன் ஜன்னலருகே குனிந்து கேட்கிறான்: "அண்ணா, நார்மலுங்களா, பவருங்களா?" ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஒருமுறை மலையைப் பார்க்கிறார். "மேல ஏறப் போறோம் தம்பி, நல்லதாவே போட்டு விடு." லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். முப்பது லிட்டருக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் போகிறது. அடுத்த காரிலும் அதே கேள்வி, பெரும்பாலும் அதே பதில்.

அந்த உரையாடலில் நின்று யோசிக்க வேண்டிய சொல் 'நல்லது'. பங்க்கில் விற்கும் 95, 97, 100 என்ற எண்களைத் தரத்தின் மதிப்பெண்ணாகவே நாம் படிக்கிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய கண்ணுக்கு நூறு என்றால் முழு மதிப்பெண், 91 என்றால் ஒன்பது குறைவு. ஆனால் அந்த எண் பெட்ரோலின் சுத்தத்தைச் சொல்லவில்லை, சக்தியையும் சொல்லவில்லை. அது சொல்வது ஒரே ஒரு குணத்தை. அந்தக் குணம் எவ்வளவு தேவை என்பதை இன்ஜினை வடிவமைத்தவர் தொழிற்சாலையிலேயே முடிவு செய்து, மேனுவலில் எழுதி, பல கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும் ஒட்டி அனுப்பிவிட்டார். டர்போ இல்லாத சாதாரண இன்ஜினில் அந்தத் தேவைக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு எண்ணும் வீண்செலவு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு இந்த வாதம் இன்னும் கெட்டியாகியிருக்கிறது.

பொறுமைக்கு ஒரு எண்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். கார் இன்ஜினின் சிலிண்டருக்குள் நடப்பதும் அதுவே; அங்கே காற்றோடு பெட்ரோலும் கலந்திருக்கிறது. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை அழுத்துகிறது. சரியான கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. தீ அந்த இடத்திலிருந்து கிளம்பி, சருகில் பரவுவதுபோல ஓர் ஒழுங்கோடு சிலிண்டர் முழுக்கப் பரவ வேண்டும். அப்படிப் பரவும்போதே, இன்னும் எரியாமல் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை மேலும் நசுங்கி மேலும் சூடாகிறது. தீ தன்னிடம் வந்து சேரும்வரை அது காத்திருந்தால் பிரச்சினை இல்லை. காத்திருக்க முடியாமல் தானே பற்றிக்கொண்டால், ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பு. அதன் அழுத்த அலை சுவரில் போய் மோதும். தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் வெளியே கேட்கும். மெக்கானிக்குகள் 'இன்ஜின் நாக் அடிக்குது' என்று சொல்வது இந்தத் தட்டலைத்தான். பெட்ரோல் எவ்வளவு அழுத்தமும் சூடும் தாங்கித் தானாகப் பற்றாமல் பொறுத்திருக்கும் என்பதன் அளவே ஆக்டேன்.

இந்த அளவுகோல் பிறந்தது 1926-இல், அமெரிக்காவில். கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இரண்டு திரவங்களை இரு முனைகளாக வைத்தார். எளிதில் தட்டாத ஐசோஆக்டேனுக்கு 100. தொட்டதும் தட்டும் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோலுக்கு 91 என்று எண் கொடுத்தால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த நிலையில் தட்டத் தொடங்குமோ, அந்த நிலையில்தான் அதுவும் தட்டும் என்று பொருள். இதை அளக்க, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜின் ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் மென்மையாக ஓட்டி அளந்தால் கிடைப்பது ஆர்.ஓ.என். நம் பங்க்குகளில் எழுதியிருப்பது இந்த எண்தான். உள்ளே போகும் கலவையைச் சூடாக்கி, 900 சுற்றில் ஓட்டிக் கடுமையாக அளந்தால் கிடைக்கும் எண் அதைவிடச் சில புள்ளிகள் குறைவாக இருக்கும். அதன் பெயர் எம்.ஓ.என்.

இந்தச் சோதனையில் எங்கேயும் பெட்ரோலின் ஆற்றல் அளக்கப்படுவதில்லை. இதற்கு நம் டாங்கிலேயே சாட்சி இருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐ ஒட்டியது. சாதாரண பெட்ரோலைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் என்றால், ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல்தான். ஆக்டேன் மிகுந்த திரவமே ஆற்றல் குறைந்ததாகவும் இருக்கிறது. ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை இந்த ஓர் ஒப்பீட்டிலேயே நிற்காமல் போகிறது.

இன்ஜின் கேட்பது எவ்வளவு?

அப்படியானால் அதிக ஆக்டேன் எதற்குத்தான் இருக்கிறது? கலவையை அதிகமாக நசுக்கும் இன்ஜினுக்கு. பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள இடத்துக்கும் மேலே வந்த பிறகு மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதத்தைக் கம்ப்ரெஷன் ரேஷியோ என்பார்கள். இது கூடக் கூட ஒரே அளவு பெட்ரோலிலிருந்து அதிக வேலை வாங்கலாம். கூடவே தட்டும் அபாயமும் ஏறும். அம்பாசடர் காலத்தில் இது ஏழெட்டுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. இன்று மாருதியின் 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினில் பன்னிரண்டு. 2024-இல் ஸ்விஃப்டில் வந்த புதிய மூன்று சிலிண்டர் இன்ஜினில் கிட்டத்தட்ட பதினான்கு. டர்போ இன்ஜினின் கதை வேறு. அது காற்றை முன்கூட்டியே அடைத்துத் திணித்துவிடுவதால், ரேஷியோ குறைவாக இருந்தாலும் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எகிறும். டர்போ இல்லாத இன்ஜின் வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவைத்தான் உள்ளிழுக்க முடியும். அதன் தேவைக்கு இயற்கையிலேயே ஒரு மேல்வரம்பு இருக்கிறது.

கம்ப்ரெஷன் பன்னிரண்டைத் தாண்டினால் பிரீமியம் பெட்ரோல் போட்டே தீர வேண்டும் என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. பழைய இன்ஜின்களுக்கு அது ஓரளவு பொருந்தியது. இப்போது பொருந்தாது. வால்வு மூடும் நேரத்தைத் தள்ளிப்போட்டு உண்மையான அழுத்தத்தைக் குறைப்பது, சிலிண்டர் தலையை நன்றாகக் குளிர்விப்பது, பெட்ரோலைத் தெளிக்கும் விதத்தை மாற்றுவது என்று பல உத்திகளால் உயர்ந்த ரேஷியோவையும் சாதாரண பெட்ரோலில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மஸ்டா நிறுவனம் செய்தது நல்ல பாடம். அதன் இரண்டு லிட்டர் ஸ்கைஆக்டிவ் இன்ஜினை, 95 பெட்ரோல் சாதாரணமாகக் கிடைக்கும் ஐரோப்பாவுக்கு 14 ரேஷியோவில் கொடுத்தது. 91-க்கு இணையான பெட்ரோலே சாதாரணமாகக் கிடைக்கும் அமெரிக்காவுக்கு அதே இன்ஜினை 13-இல் கொடுத்தது. அந்தந்த நாட்டுப் பங்க்கில் எது கிடைக்கும் என்று பார்த்த பிறகுதான் இன்ஜின் வார்க்கப்படுகிறது. இந்தியாவுக்கென்று செய்யும் காரும் அப்படியே. வாங்குகிறவர் ரேஷியோவை வைத்து ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. மேனுவலில் 'குறைந்தபட்சம் 91' என்று இருந்தால், வேலூர் வெயிலையும் நான்கு பேர் பாரத்தையும் ஏ.சி.யையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. போர்ஷே 911 ஜிடி3-யில் டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும் இன்ஜின் அது. அதற்கு 98 ஆக்டேன் பெட்ரோலைத்தான் தயாரிப்பாளர் சொல்கிறார். அப்படிப்பட்ட காருக்கு 91 போடுவது பிழை. மேனுவல் கேட்பதைவிடக் குறைவான ஆக்டேனில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் பிடிக்கும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். மேனுவல் சொல்லும் எண் ஒரு தரைமட்டம். அதற்குக் கீழே போகக் கூடாது. அதற்கு மேலே போய் ஆகப்போவதும் ஒன்றும் இல்லை.

[பெட்டி] ஒரே எண், ஊருக்கு ஒரு பெயர்

கோலாலம்பூரில் 95 என்பது எளிய மக்களின் பெட்ரோல். 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்களுக்கு அரசு மானியத்தோடு லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கொடுப்பது அதைத்தான். அங்கே பிரீமியம் என்றால் 97. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 'ஒக்டேன் 92', 'ஒக்டேன் 95' என்று எண்ணே பெயராகிவிட்டது. ஜப்பானியத் தரநிலைப்படி சாதாரண பெட்ரோலுக்கு 89 இருந்தால் போதும். ஜப்பானிலிருந்து இலங்கைக்கு இறக்குமதியான, சாதாரண பெட்ரோலுக்கென்றே செய்த சிறிய கார்களுக்கு 92-ஏ தேவைக்கு மேல்தான். ஐரோப்பாவில் 95 சாதாரணம்.

அமெரிக்காவின் எண்ணில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அங்கே ஆர்.ஓ.என், எம்.ஓ.என் இரண்டின் சராசரியை எழுதுவார்கள். அமெரிக்க 87 என்பது ஏறத்தாழ நம் 91. அமெரிக்க 'பிரீமியம் 91' நம் கணக்கில் 95-ஐத் தாண்டும். அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு 'நம்ம 91-ஏ அங்கே பிரீமியம்' என்று சொல்வதும், 'அங்கே 87 போடுகிற காருக்கு இங்கே 87 போதும்' என்று சொல்வதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

கூட்டிப் போட்டால் என்ன கிடைக்கிறது?

'பிரீமியம் போட்டால் பிக்கப் கூடுகிறது, காலில் தெரிகிறது' என்பது அடிக்கடி கேட்கும் சாட்சியம். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மலைச்சாலையும் நகரச்சாலையும், டயர் காற்றும் பாரமும், காலை நேரத்துக் குளிர்காற்றும் மதிய வெக்கையும் ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும்போது பெட்ரோலின் பங்கை மட்டும் பிரித்து உணர்வது மனிதக் காலால் ஆகிற காரியமில்லை. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற மோட்டார் சங்கம் 2016-இல் இதைச் சோதித்தது. சாதாரண பெட்ரோலுக்கு என்றே வடிவமைத்த மூன்று வண்டிகள்: எட்டு சிலிண்டர் டொயோட்டா ஒன்று, ஆறு சிலிண்டர் டாட்ஜ் ஒன்று, நான்கு சிலிண்டர் மஸ்டா ஒன்று. சக்தி, மைலேஜ், புகை மூன்றிலும் பிரீமியத்தால் சொல்லும்படியான ஆதாயம் கிடைக்கவில்லை. சாதாரண பெட்ரோலே போதுமான கார்களுக்கு பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஓர் ஆண்டில் செலவழித்த கூடுதல் தொகை 210 கோடி டாலர் என்று அந்தச் சங்கம் கணித்தது.

ஏன் ஆதாயம் இல்லை? இன்றைய இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் நாக் சென்சார் என்ற சின்னஞ்சிறு காது உண்டு. தட்டும் அதிர்வு கேட்டால் அது கணினிக்குச் சொல்லும். கணினி பொறி வைக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். தட்டல் நிற்கும், சக்தியும் சிறிது குறையும். நல்ல ஆக்டேன் கிடைத்தால் பொறியை மறுபடி முன்னே கொண்டுவரும். ஆனால் எவ்வளவு முன்னே வரலாம் என்பதற்குத் தொழிற்சாலை போட்ட எல்லைக்கோடு இருக்கிறது. 91-இலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும் இன்ஜினுக்கு 100 ஆக்டேன் கொடுத்தால் அந்த ஒன்பது எண்ணையும் அது எங்கே வைத்துச் செலவழிக்கும்? அவை அப்படியே சைலன்சர் வழியே போகின்றன.

'குறைந்தபட்சம் 91, பரிந்துரைப்பது 95' என்று மேனுவலில் எழுதிய கார்கள் சில உண்டு. அவற்றில் எல்லைக்கோடு சற்றே மேலே இருக்கும். இந்த வகைக் கார்களை ஏ.ஏ.ஏ. 2017-இல் தனியே சோதித்தது. டர்போ வண்டிகளும் அதில் சேர்த்தி. சராசரியாக மைலேஜ் 2.7 விழுக்காடு, சக்தி 1.4 விழுக்காடு கூடியது. ஆதாயம் உண்மைதான், ஆனால் லிட்டருக்கு ஏழு விழுக்காடு அதிகம் கொடுத்து மூன்று விழுக்காட்டுக்கும் குறைவாகத் திரும்பப் பெறுவது லாபக்கணக்கில் வராது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 15 கொடுக்கும் ஒரு காருக்கு இந்தக் கூடுதல் செலவு மாதம் ஐந்நூறு ரூபாய், ஆண்டுக்கு ஆறாயிரம். ஒரு சிறிய காரின் ஆண்டுச் சர்வீஸ் செலவை நெருங்கும் பணம். இதே பணத்தில் ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் நேரத்துக்கு மாற்றினால் இன்ஜின் உண்மையாகவே நலம் பெறும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது விலை லிட்டர் 160 ரூபாய். அந்தப் பெட்ரோல் யாருக்கு என்று அதன் விலையே சொல்லிவிட்டது. மேனுவல் கேட்காத ஒரு சிறிய காரில் அதை ஊற்றுவதற்கு எந்தக் கணக்கும் இடம் கொடுக்காது.

சுத்திகரிப்பு ரசாயனம் சேர்த்திருக்கிறார்களே, இன்ஜின் கரி பிடிக்காதே என்ற கேள்வி நியாயமானது. இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமாக வைக்கும் ரசாயனங்கள் பயனுள்ளவை. ஆனால் அது வேறு சரக்கு, ஆக்டேன் வேறு சரக்கு. 91-இலும் அதைக் கலக்கலாம், 100-இலும் கலக்காமல் விடலாம். எண்ணைக் காட்டி ரசாயனத்தையும், ரசாயனத்தைக் காட்டி எண்ணையும் ஒரே பொட்டலமாக விற்கும்போது, வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. சுத்தம்தான் வேண்டுமென்றால், மேனுவல் அனுமதித்தால், சர்வீஸின்போது அதைத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

95 ஏற்கெனவே வந்துவிட்டது

இந்தப் பேச்சு இப்போது வீட்டுக்கு வீடு நடக்கக் காரணம் எத்தனால். பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் என்ற இலக்கை நாடு 2022 ஜூனில் எட்டியது. இருபது விழுக்காடு கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகமாகி, 2025-இல் பங்க்கின் சாதாரண பெட்ரோலாகவே ஆகிவிட்டது. மைலேஜ் குறைகிறது என்ற புகார்கள் குவிந்தன. இ20-யோடு எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. எத்தனாலுக்குப் பயந்து பிரீமியம் பம்ப்பை நோக்கிப் போனவர்கள் நிறையப் பேர்.

இங்கே ஒரு முக்கியமான விவரம் கவனத்தில் படாமல் போகிறது. பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தின்படி, புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் பி.எஸ்.2 காலத்தில் 88-ஆக இருந்த சாதாரண பெட்ரோலின் ஆர்.ஓ.என், பி.எஸ்.6-இல் 91 ஆனது. இ20-யால் அது 95-ஐத் தொட்டிருக்கிறது. அதாவது 'நார்மல்' என்று எழுதிய பம்ப்பில் வருவதே ஆக்டேன் கணக்கில் நேற்றைய பிரீமியம். அதன் பக்கத்திலேயே '95' என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஏழெட்டு ரூபாய் கூடுதலாக விற்கும்போது, அந்த எண்ணுக்காகக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? மிஞ்சுவது சுத்திகரிப்பு ரசாயனம் மட்டுமே. பம்ப்பின் நெற்றியில் இரண்டு பெட்ரோலின் ஆர்.ஓ.என்னையும் எத்தனால் அளவையும் பக்கம் பக்கமாக எழுதி வைக்க வேண்டும் என்று நுகர்வோர் கேட்பதில் ஒரு தவறும் இல்லை. கடைக்காரர் எடை சொல்வதுபோல எளிய விஷயம் அது.

எத்தனாலைத் தவிர்க்க பிரீமியம் என்பதும் உறுதியான வழி கிடையாது. பிரீமியம் என்ற பெயர் இருப்பதாலேயே எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பங்க்கில் கேட்டு உறுதி செய்ய வேண்டிய விஷயம். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் ரப்பர் குழாய், கேஸ்கெட் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலை பொருளின் தாங்குதிறன் பற்றியது. அதற்குத் தீர்வு குழாயையும் கேஸ்கெட்டையும் பார்த்து மாற்றுவதில் இருக்கிறது, ஆக்டேன் எண்ணில் இல்லை.

இழப்பு எங்கே என்பதையும் நேராகப் பார்க்க வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-யின் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஏழு விழுக்காடு ஆற்றல் குறைவு. இ0-க்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் ஆறேழு விழுக்காடு மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்தவற்றில் ஒன்றிரண்டு விழுக்காடு. இந்த வித்தியாசத்தில்தான் ஆக்டேனின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. கூடுதல் ஆக்டேனைச் செலவழிக்கத் தெரிந்த இன்ஜின், அதாவது அதிகம் நசுக்கி, பொறியை முன்கூட்டி வைக்கும்படி வார்த்த இன்ஜின், எத்தனாலின் ஆற்றல் குறைவை ஈடுகட்டுகிறது. பழைய இன்ஜினால் அது முடியாது. பத்து வருடத்துக்கு முந்தைய ஆல்ட்டோ வைத்திருப்பவருக்கு நான்கு எண் ஆக்டேன் கூடக் கிடைத்திருக்கிறது. அதை வைத்து அவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஆற்றல் இழப்பு மட்டும் அவர் பணப்பையில் விழுகிறது. அதன் மேல் பிரீமியமும் போட்டால் இரண்டாவது முறையும் இழக்கிறார். அவருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது இழந்த மைலேஜுக்குத் தக்க விலைக் குறைப்பு. இன்னும் உயர்ந்த எண் கொண்ட பெட்ரோலை அவர் கேட்கவும் இல்லை.

ஆக்டேன் ஒருபோதும் இலவசமாக வந்ததில்லை. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயத்தைக் கலந்து தட்டலை நிறுத்தினார். அந்த ஈயம் பல தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. இந்தியாவில் அது முழுவதுமாக நின்றது 2000 பிப்ரவரியில். உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-இல். ஈயம் போன இடத்தில் சுத்திகரிப்பு ஆலைகள் பென்சீன் குடும்பத்து அரோமாட்டிக் சேர்மங்களைக் கூட்டின; அவற்றிலும் நஞ்சு இருப்பதால் பி.எஸ்.6 விதி பென்சீனை ஒரு விழுக்காட்டுக்கும், மொத்த அரோமாட்டிக்கை 35 விழுக்காட்டுக்கும் கட்டிப்போட்டிருக்கிறது. இப்போது எத்தனாலின் முறை. கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் அதற்குப் போகின்றன. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனமும் எத்தனால் ஆலையும் ஒரே மக்காச்சோளத்துக்கு இரண்டு பக்கமும் கை நீட்டுகின்றன. இவ்வளவு விலை கொடுத்துச் செய்த ஆக்டேனை, அதைப் பயன்படுத்தத் தெரியாத இன்ஜினில் ஊற்றி எரிப்பது வாங்குகிறவரின் சொந்தப் பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

[பெட்டி] பங்க்கில் கேட்டுப் பெறலாம்

பெட்ரோலின் தூய்மையில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனையைக் கேட்கலாம். ஒரு சொட்டு விட்டால், ஆவியான பிறகு கறை தங்கக் கூடாது. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் ஜாடியும் பங்க்கில் இருக்க வேண்டும்; அன்றைய பதிவேட்டு அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவில் சந்தேகம் என்றால் ஐந்து லிட்டர் முத்திரைக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். இவற்றுக்குக் கட்டணம் கிடையாது.

கலப்படமும் கரியும்

'91 என்பதெல்லாம் காகிதத்தில்தான்; கலப்படம் நடக்கிற ஊரில் ஒரு பாதுகாப்புக்காகவாவது மேலே போடுவோம்' என்பது எளிதில் தள்ளிவிட முடியாத வாதம். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் கடுமையாக விழும் என்பது உண்மை. ஆனால் கலப்படம் செய்யத் துணிந்தவர் எந்த டாங்கை விட்டுவைப்பார் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. விலை அதிகமான பெட்ரோல் நிறைய விற்காத பங்க்கில் அது நாள்கணக்கில் நிலத்தடித் தொட்டியிலேயே கிடக்கவும் கூடும். கலப்படத்துக்கு மருந்து, கூட்டம் வந்து போகும், நாள்தோறும் லோடு இறங்கும் நம்பகமான பங்க்கும், கேட்டுப் பெறும் சோதனையும்தான்.

பழைய இன்ஜினில் கரி படிந்து, அதன் ஆக்டேன் பசி மூன்று நான்கு எண்கள் ஏறுவது அறிவியல் ஒப்புக்கொண்ட விஷயம். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் நாக் சென்சாரும் கிடையாது. அப்படிப்பட்ட கார் தட்டினால், கரியை நீக்கும் வரை ஒரு கைத்தாங்கலாக உயர்ந்த ஆக்டேன் போடுவதை நான் எதிர்க்கவில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரீமியம் போட்டதும் சத்தம் நின்றுவிடும், உரிமையாளர் நிம்மதியாகிவிடுவார். ஆனால் அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், தவறான வெப்பத்தர ஸ்பார்க் பிளக், தள்ளிப்போன டைமிங், கசியும் இன்ஜெக்டர் என்று தட்டலுக்கு உண்மையான காரணம் எதுவோ அது உள்ளேயே வளரும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுப் போட்டு டைஃபாய்டைக் கவனிக்காமல் விடுவதுபோல. கூடுதல் ஆக்டேனின் மிகப் பெரிய கேடு பணத்தில்கூட இல்லை, இந்தப் பொய்யான நிம்மதியில் இருக்கிறது.

[பெட்டி] இன்ஜின் தட்டுகிறதா?

ஏற்றத்தில், பெரிய கியரில், வேகம் குறைந்த நிலையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் 'கிலுகிலு'வென்று உலோகச் சத்தம் வந்தால் அது தட்டலாக இருக்கலாம். முதலில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் பழக்கத்தை மாற்றினால் போதும். சமதளத்திலும், சரியான கியரிலும் வந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். நின்ற இடத்தில் ஐடிலில் வரும் 'டிக் டிக்' பெரும்பாலும் டேப்பெட் சத்தம். அதற்கும் பெட்ரோலுக்கும் தொடர்பில்லை.

மலை என்ன சொல்கிறது?

மேட்டுப்பாளையத்துக்குத் திரும்புவோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். டர்போ இல்லாத இன்ஜின் அந்த மெலிந்த காற்றைத்தான் இழுக்கிறது. உள்ளே போகும் காற்று குறைந்தால் நசுக்கும்போது எழும் அழுத்தமும் குறையும். தட்டும் வாய்ப்பும் குறையும். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் மற்ற இடங்களைவிட இரண்டு எண் குறைந்த பெட்ரோல் பல்லாண்டுகளாக விற்பனையாவது இந்தக் காரணத்தால்தான். இன்றைய கார்களுக்கு அது போதாது என்று தயாரிப்பாளர்கள் சொன்னாலும், அதன் பின்னாலிருக்கும் இயற்பியல் மாறவில்லை. மலையேறும்போது கார் இழுக்கத் திணறுவதும் இதே மெலிந்த காற்றால். இல்லாத காற்றை எந்தப் பெட்ரோலாலும் கொண்டுவர முடியாது. 'மேல ஏறப் போறோம்' என்று கூடுதல் ஆக்டேன் வாங்கியவரின் இன்ஜின், பர்லியாறு தாண்டி ஒவ்வொரு நூறு மீட்டர் ஏறும்போதும் முன்னைவிடக் குறைந்த ஆக்டேனைத்தான் கேட்டுக்கொண்டு போகிறது.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தட்டலுக்கு இடமுண்டு என்றால் அது இந்த வழியில்தான், அதுவும் காற்று இன்னும் அடர்த்தியாக இருக்கும் கீழ் வளைவுகளில்: நான்கு பேர் பாரம், ஏ.சி., மூன்றாம் கியரிலேயே வளைவைத் திருப்பிவிட்டு முழு ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் கால். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கிவிட்டால் இன்ஜின் சுற்று ஏறும், ஓரத்துக் கலவைக்குத் தானே பற்ற நேரம் கிடைக்காது, வண்டி சத்தமில்லாமல் ஏறும். டாங்கில் நார்மல் பெட்ரோலே இருக்கட்டும். அந்த இருநூறு ரூபாய்க்குக் குன்னூரில் இறங்கி, பிள்ளைகளோடு சூடாக டீயும் வர்க்கியும் சாப்பிடலாம்.